செருப்பு போட்டுக்கொண்டு மாவு அரைத்த வீடு

பழைய வீடுகளின் பிளக் பாயிண்ட்டுகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

மாயவரத்தில் தாத்தா 1964-ல் கட்டிய வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை, நடுவில் முற்றம், கொல்லையில் கிணறு. அடுப்படிக்குள் செருப்பு வரக்கூடாது என்பது அம்மா வைத்த சட்டம். அந்தச் சட்டத்தை மீறுகிறவரும் அம்மாதான். கிரைண்டர் ஓடும் அரை மணி நேரம் மட்டும் ஹவாய் செருப்பு மாட்டிக்கொள்வார். இந்த முறை ஊருக்குப் போனபோதுதான் அது என் கண்ணில் பட்டது.

“வெறுங்காலோட நின்னு மாவைத் தள்ளினா கை ஜிவ்வுங்குதுப்பா. செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியாது.”

“எத்தனை நாளா?”

“ஆறேழு வருஷம் இருக்கும். அப்பாகிட்ட சொன்னேன். கிரைண்டர் பழசாயிடுச்சுன்னு புதுசு வாங்கினாங்க. அதுலயும் அப்படித்தான் இருக்கு.”

மறுநாள் காலை எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும், கம்பியாள் சான்று வைத்திருப்பவர். கிரைண்டர் பக்கம் அவர் போகவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் நான்கு கேள்வி கேட்டார். கிரைண்டர் நின்றிருக்கும்போதும் அடிக்கிறதா? இல்லை, ஓடும்போது மட்டும். கிரைண்டர் போட்டால் அடுப்படி லைட் மங்குகிறதா? ஆமாம். ஃபிரிட்ஜ் ஓடும்போது அதிகமாகத் தெரிகிறதா? ஆமாம் தம்பி. பிளக் பாயிண்ட் பக்கம் கருகல் வாடை வந்ததுண்டா?

அம்மா கொஞ்சம் யோசித்தார். “கவுச்சி வாடை மாதிரி வரும். பூனை எதையாவது கொண்டுவந்து போட்டிருக்கும்னு நினைச்சுப்பேன்.”

அவர் என்னைப் பார்த்தார். “புது கிரைண்டர்லயும் அடிக்குதுன்னா வியாதி சுவத்துல இருக்கு சார். அந்தக் கவுச்சி வாடை பூனையோடது இல்ல. பேக்லைட் கருகினா அப்படித்தான் வரும்.”

மூன்று ஓட்டைகளின் கணக்கு

பிளக் பாயிண்ட்டை நேரே நின்று பார்த்தால் மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த். கீழே வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். பேஸ் வழியாக மின்சாரம் வந்து, கருவிக்குள் வேலை செய்துவிட்டு, நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. கிரைண்டர் சுற்றுவதற்கு இந்த இரண்டும் போதும். எர்த் இல்லாவிட்டாலும் மாவு அரையும், மிக்சி சுற்றும், ஃபிரிட்ஜ் குளிரும். அதனாலேயே அது இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரிவதில்லை.

எர்த்துக்கு வேலை வருவது கருவிக்குள் எங்காவது காப்பு கிழிந்து, மின்சாரம் வெளி உலோக உடம்பில் கசியும் நாளில்தான். அந்த மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோய், கசிவு பெரிதென்றால் பியூஸையும் போக வைக்க வேண்டியது எர்த் வயரின் பொறுப்பு. பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதற்கும் காரணம் உண்டு. சொருகும்போது அதுதான் முதலில் தொடும். பிடுங்கும்போது கடைசியில் விடும்.

இந்த உருண்டைப் பின் பிளக் பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போனது. 1947-ல் அவர்கள் தங்கள் நாட்டில் பிளக்குக்கு உள்ளேயே பியூஸ் வைத்த 13 ஆம்பியர் சதுரப் பின் முறைக்கு மாறத் தொடங்கினார்கள். நாம் பழையதிலேயே இருந்துவிட்டோம். அன்று 5, 15 ஆம்பியர் என்றது இன்று 6, 16 ஆம்பியர் ஆகியிருக்கிறது. நம் பிளக்குக்குள் பியூஸ் கிடையாது என்பதால் முழுப் பாதுகாப்பும் மெயின் போர்டின் தலையில் விழுகிறது. பழைய வீடுகளில் பலவீனமாக இருப்பதும் அந்த மெயின் போர்டுதான்.

டெஸ்டர் சொல்லாத சேதி

நம்மில் பலருக்குத் தெரிந்த ஒரே பரிசோதனைக் கருவி டெஸ்டர். ஓட்டைக்குள் வைத்து விளக்கு எரிந்தால் ‘கரன்ட் இருக்கு’ என்போம். பேஸ் வந்திருக்கிறது என்பதற்குமேல் அது எதையும் உறுதி செய்யாது. நியூட்ரல் அறுந்திருந்தால், சுவிட்சைப் போட்டுக் கருவி ஒன்றும் சொருகியிருக்கும் நிலையில் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும். “ரெண்டு பக்கமும் கரன்ட் வருது, ஆனா ஃபேன் ஓடல” என்று வீட்டில் குழம்புவது இதனால்தான். எர்த் ஓட்டைக்குள் டெஸ்டர் எரியவில்லை என்றால் எர்த் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. அதற்குள் வயரே இல்லாமலும் இருக்கலாம்.

எலக்ட்ரீஷியன் தன் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார். கிரைண்டர் ஓடாதபோது பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் அதே 228. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பூஜ்யம்.

“எல்லாம் சரியா இருக்கே” என்றேன்.

“அதான் சார் எனக்கு சந்தேகமே.”

அதே பாயிண்ட்டிலிருந்து கிளை எடுத்துக் கிரைண்டரை ஓடவிட்டு மறுபடி அளந்தார். பேஸ், நியூட்ரல் இடையே 195-க்கு இறங்கிவிட்டது. நியூட்ரல், எர்த் இடையே அப்போதும் பூஜ்யம். நிஜமான எர்த் தனி வழியில் மண்ணுக்குப் போவது. லோடு ஏறும்போது நியூட்ரலில் வோல்ட் கொஞ்சமாவது எழும், எர்த்தில் எழாது. அதனால் இரண்டுக்கும் நடுவே சிறு வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும். லோடு ஏறியும் அசையாத பூஜ்யமாக நின்றால், இரண்டும் ஒரே கம்பி என்று சந்தேகப்பட வேண்டும்.

கொல்லையில் ஈரமண்ணில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து, அதிலிருந்து நீள வயர் ஒன்றை அடுப்படிவரை இழுத்து வந்தார். பிளக் பாயிண்ட்டின் எர்த்துக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவே மீட்டர் காட்டியது 33 வோல்ட். கிரைண்டரின் எவர்சில்வர் உடம்புக்கும் மண்ணுக்கும் நடுவிலும் அதே 33. இத்தனை வருடமாக அம்மாவின் கையில் ஜிவ்வென்று ஏறியது அதுதான்.

போர்டுக்குப் பின்னால்

“வீட்ல இன்வெர்ட்டர் இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் மெயினை இறக்கினார். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இதை மறந்து கை வைத்து அடி வாங்கியவர்கள் உண்டு. மெயினை இறக்குவதற்கு முன் டெஸ்டரை ஓடுகிற பாயிண்ட் ஒன்றில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். கெட்டுப்போன டெஸ்டர் எல்லாக் கம்பியையும் செத்த கம்பி என்றுதான் சொல்லும் இல்லையா?

போர்டைக் கழற்றியதும் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. முதலாவது, எர்த் முனையில் மண்ணுக்குப் போகிற வயர் எதுவும் இல்லை. நியூட்ரல் முனையிலிருந்து இரண்டு அங்குல வயர் ஒன்று எர்த் முனைக்குத் தாவியிருந்தது. எப்போதோ யாரோ, எர்த் இல்லாத வீட்டில் எர்த் இருப்பதுபோலக் காட்ட ‘லூப்’ அடித்துவிட்டுப் போயிருக்கிறார். மீட்டர் வைத்தாலும் டெஸ்ட் பல்பு வைத்தாலும் இந்தப் பொய்யான எர்த் பாஸ் ஆகிவிடும்.

இரண்டாவது, நியூட்ரல் கம்பியில் இருந்த ஒரு முறுக்கு. பழைய அலுமினியக் கம்பியும் புதுச் செம்புக் கம்பியும் கையால் முறுக்கி டேப் சுற்றப்பட்டிருந்தன. டேப் உருகி வழிந்திருந்தது. கம்பி கரியாக இருந்தது. அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகமாக விரிந்து சுருங்கும், அதன்மேல் ஆக்சைடு படியும், முறுக்கு நாளாக ஆகத் தளரும். தளர்ந்த இடத்தில் மின்தடை ஏறும். 33 வோல்ட் அந்த ஒரு முறுக்கில் தொலைந்திருக்கிறது. கிரைண்டர் இழுப்பது ஒன்றேகால் ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், அங்கே மட்டும் ஏறத்தாழ 40 வாட் வெப்பம். மரப் பலகைக்குப் பின்னால் ஒரு 40 வாட் குண்டு பல்பைப் பொத்தி வைத்தது போல.

முறுக்கு ஒருநாள் முழுதாக அறுந்திருந்தால்? மின்சாரம் பேஸ் வழியாக வந்து, மோட்டார் சுற்றைக் கடந்து, திரும்பிப் போக வழியில்லாமல் லூப் வயர் வழியே கிரைண்டரின் உடம்புக்கு வந்து நின்றிருக்கும். 33 வோல்ட் அந்த நிமிடமே 230 ஆகியிருக்கும். மாவு பிசுபிசுத்த கை, ஈரத் தரை. பியூஸ் போயிருக்காது. பியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

உடம்பின் கணக்கைப் பார்த்தால் இது புரியும். ஒரு மில்லி ஆம்பியர் அளவில் சுள்ளென்று உணர்கிறோம். பத்தைத் தாண்டினால் தசை இறுகிப் பிடித்ததை விட முடியாது. முப்பது, ஐம்பது என்று ஏறினால் மூச்சும் இதயமும் ஆபத்தில். ஒரு 9 வாட் எல்.இ.டி பல்பு எரிவதற்கே ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் வேண்டும். பியூஸோ 16 ஆம்பியர், அதாவது 16,000 மில்லி ஆம்பியர் தாண்டினால்தான் அசைய யோசிக்கும். பியூஸும் அதன் இடத்துக்கு வந்த எம்.சி.பி-யும் வயர் தீப்பிடிக்காமல் காப்பவை. ஆளைக் காப்பது அவற்றின் வேலையில் சேராது.

குழாயோடு போன எர்த்

அடுப்படியை விட்டு மெயின் போர்டுக்குப் போனோம். இரும்புப் பெட்டி மெயின், பீங்கான் பியூஸ் கட்டைகள். அதிலிருந்து ஒரு தடித்த கம்பி கொல்லைப்பக்கம் போனது. இதாவது எர்த்தாக இருக்கும் என்று பின்னாலேயே நடந்தோம். அது முனிசிபாலிட்டி தண்ணீர்க் குழாயில் சுற்றப்பட்டிருந்தது. இரும்புக் குழாய் மண்ணுக்குள் நெடுந்தூரம் ஓடிய காலத்தில் அது ஓரளவு எர்த்தாக வேலை செய்திருக்கும். பிறகு குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றினார்கள். மேலே தெரிகிற இரண்டடி மட்டும் பழைய இரும்பு. தண்ணீர் வந்துகொண்டிருந்தது, எர்த் போய்விட்டது. பழைய வீடுகளில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது என்றார்.

தனியாக எர்த் குழி தோண்டிய வீடுகளிலும் முப்பது வருடத்தில் குழாய் துருப்பிடித்திருக்கும். கரியும் உப்பும் போட்ட குழியில் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த தலைமுறை அதன்மேல் சிமென்ட் தளம் போட்டு ஸ்கூட்டர் நிறுத்துகிறது. மண் காய்ந்து எர்த்தின் மின்தடை 20 ஓம் ஆகிவிட்டால், 230-ஐ 20-ஆல் வகுத்துப் பாருங்கள். பதினொன்றரை ஆம்பியர். பேஸ் கம்பியே கருவியின் உடம்பில் முட்டினாலும் 16 ஆம்பியர் பியூஸ் போகாது. எர்த் இருந்தும் இல்லாத நிலை.

வீடு காட்டும் மற்ற அறிகுறிகள்

அன்று மத்தியானம்வரை வீடு முழுக்கச் சுற்றினோம். மாடி அறையில் சுவிட்சை அணைத்தபிறகும் எல்.இ.டி பல்பு மினுக்மினுக்கென்று இருந்தது. சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருப்பதன் அடையாளங்களில் ஒன்று அது. அப்படியானால் அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். சுவிட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் பல்பு இப்படி மினுக்கும் என்பதால், பிரித்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். பிரித்தோம். நியூட்ரல்தான்.

பழைய இரும்புப் பெட்டி மெயினில் பேஸுக்கு ஒரு பியூஸ் கட்டை, நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு இருந்தன. நியூட்ரல் பியூஸ் போனால் வீடு இருண்டுவிடும். கரன்ட் போய்விட்டது என்று நினைத்து வயரில் கை வைப்போம், பேஸ் அப்படியே இருக்கும். நியூட்ரலில் தனியாகப் பியூஸோ சுவிட்சோ வைக்கக்கூடாது என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே சொல்லின. அதற்குப் பிறகு கட்டிய வீடுகளிலும் பழைய பழக்கம் தொடர்ந்திருக்கிறது.

கூடத்தில் மரச்சட்டத்தின்மேல் கிளிப் அடித்து ஓடிய ரப்பர் வயரை விரலால் லேசாக வளைத்தார். உறை பொரி மாதிரி உதிர்ந்தது. ஒரு பியூஸ் கட்டையில் பியூஸ் கம்பிக்குப் பதில் வயரிலிருந்து உருவிய செம்பு இழைகள் நான்கு. ‘அடிக்கடி பியூஸ் போகுது’ என்பதற்கு யாரோ செய்த வைத்தியம். வலி சொல்லும் நரம்பை அறுத்துவிட்டு நோய் தீர்ந்தது என்று சொன்ன கதை. ரேழியில் இஸ்திரிப்பெட்டி சொருகும் பாயிண்ட்டில் பிளக்கே இல்லை. வயரை நேரே ஓட்டைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியிருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும்தான் இது நடக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை.

நியாயமாகப் பார்த்தால் வயரிங் மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தாத்தா வீடு கட்டியபோது அது சுமக்க வேண்டியிருந்தது ஆறு பல்பு, இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ. இன்று ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங்மெஷின், ஏசி, இண்டக்ஷன் அடுப்பு. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன் தரத் தொடங்கியபோது, ஒரே ஒரு பிளக் பாயிண்ட் இருந்த வீடுகளுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. சுவரில் ஓடிய மெல்லிய 1/18 வயர் அப்படியே இருந்தது.

ஓயாமல் விழுகிற பிரேக்கர்

ஆளைக் காப்பதற்கென்றே இருக்கும் கருவி ஆர்.சி.சி.பி. ஊர்ப்பேச்சில் ஈ.எல்.சி.பி. பேஸ் வழியாகப் போன மின்சாரமும் நியூட்ரல் வழியாகத் திரும்பியதும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யாரோ ஒருவர் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகிறதோ என்று எடுத்துக்கொண்டு, கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளிலும் மின்கசிவுப் பாதுகாப்புக் கருவிக்கு இடம் இருக்கிறது.

பழைய வீட்டில் இதைப் பொருத்திய அன்றே சிக்கல் தொடங்கும். போட்டவுடன் விழும். ஏற்றினால் மறுபடி விழும். “இந்த வீட்டுக்கு இது ஒத்து வராதுங்க” என்று கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. உண்மையில் அது வீட்டுக்கு வந்த ரத்தப் பரிசோதனை முடிவு. ஏதோ ஓரிடத்தில் நியூட்ரல் எர்த்தோடு கலந்திருக்கிறது, அல்லது ஓர் அறையின் நியூட்ரல் வேறோர் அறை லைனில் சேர்ந்திருக்கிறது, அல்லது ஈரச்சுவரில் வயர் கசிகிறது. ஒவ்வொரு லைனாகப் பிரித்து, மெக்கர் கருவியால் 500 வோல்ட் கொடுத்துக் காப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தால் குற்றவாளி அகப்படும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டுகிற வயரை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற நினைக்க வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு அவர் சொன்ன வரிசை இது. முதலில் கொல்லையில் புது எர்த், அங்கிருந்து மெயினுக்கும் எல்லா பிளக் பாயிண்ட்டுக்கும் பச்சை வயர். அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி-யும் லைனுக்கொரு எம்.சி.பி-யும். பிறகு அடுப்படிக்கும் ஏசிக்கும் தனித்தனி லைன். 16 ஆம்பியர் பாயிண்ட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, ஏசிக்கு 4. மிச்ச அறைகளின் பழைய வயரைக் கை வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முதல் இரண்டையும் தள்ளிப்போடக் கூடாது. “பெயின்ட் அடிக்கிறதை அடுத்த வருஷம் வெச்சுக்குங்க சார்” என்றார்.

நீங்களே கவனிக்கலாம்

● பிளக்கைப் பிடுங்கியதும் அதன் பின்கள் சுடுகின்றனவா, பாயிண்ட் பழுப்பேறியிருக்கிறதா, ‘கிர்’ரென்று சத்தம் வருகிறதா, கவுச்சி வாடை வருகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அந்தப் பாயிண்ட்டை உபயோகிக்க வேண்டாம்.

● ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங்மெஷின் எதுவும் சுள்ளென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கம்ப்யூட்டர் பெட்டி லேசாகச் சுள்ளென்பது உள்ளிருக்கும் ஃபில்டரால் இருக்கலாம். அதுவும் எர்த் இல்லை என்பதைத்தான் சொல்கிறது.

● ஆர்.சி.சி.பி இருந்தால் மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது சும்மா மாட்டியிருக்கிறது.

● மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டாதீர்கள். எர்த் ஓட்டையில் பேனாவைக் குத்தி இரண்டு பின் பிளக்கைச் சொருகாதீர்கள்.

● போர்டைக் கழற்றுவது, டெஸ்ட் பல்பு வைத்துப் பார்ப்பது, மெக்கர் வைப்பது ஆகியவை உரிமம் உள்ளவர் செய்ய வேண்டியவை. வயர் நிறத்தை நம்பாதீர்கள்: சிவப்பு, கறுப்பு, பச்சை என்பது பழைய முறை, இப்போதைய கருவி வயர்களில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள், பழைய வீட்டில் அன்று கையில் கிடைத்தது எதுவோ அதுவே நிறம். அவர் வேலை முடித்ததும் கேளுங்கள்: “எர்த் எங்கே போகுது, காட்டுங்க.”

● யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். மெயினை இறக்குங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். பிறகு 108.

வேலை முடிய நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் அம்மா வெறுங்காலோடு நின்று மாவு அரைத்தார். முதல் முறை தள்ளும்போது கை தயங்கியது. பிறகு செருப்பை வாசலில் கொண்டுபோய் விட்டார்.

எனக்கு உறுத்துவது வேறு. கவுச்சி வாடை, மங்கிய லைட், ஜிவ்வென்ற கை என்று அத்தனையும் மல்டிமீட்டருக்கு முன்பே அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. விவரமாகக் கேட்கத்தான் ஆளில்லை. உங்கள் வீட்டு அடுப்படியில் புழங்குகிறவர் யாரோ, அவரிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை கேளுங்கள்: “எதையாவது தொட்டா சுள்ளுங்குதா?” ஆமாம் என்றால், சாப்பிட உட்காருவதற்கு முன் அந்த பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.